காலிக் கோட்டைக் கோப்பிக் கடையில் விபிஎன் ஏறவில்லை, மாலையில் அழைப்பும் அறுந்துபோகிறது: யாராவது வழி சொல்லுங்கள்

உருத்திரபுரத்தாள்

வணக்கம். லண்டனிலுள்ள ஒரு கணக்கியல் அலுவலகத்துக்கு உருத்திரபுரத்து வீட்டிலிருந்தே வேலை செய்பவள் நான். அக்காவுக்குக் குழந்தை பிறந்திருப்பதால் இரண்டு வாரமாகக் காலியில் நிற்கிறேன். அத்தானுக்கு இங்கேதான் வேலை. ஒற்றை அறை வீடு. குழந்தை வாய் திறந்தால் லண்டனில் இருக்கும் மேலாளர் நலம் விசாரிக்கிறார். ஆகவே மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கோட்டைக்குள் ஒரு கோப்பிக் கடைக்குப் போய்விடுகிறேன். பழைய ஒல்லாந்தர் காலத்து வீடு. மடிக்கணினியோடு வரலாம் என்று வாசலில் ஆங்கிலப் பலகை வேறு.

சிக்கல் இதுதான். கடையின் வைஃபையில் சேர்ந்தால், கைத்தொலைபேசியில் ஒரு பக்கம் திறக்கிறது. பற்றுச்சீட்டில் உள்ள எண்ணைப் போட்டால் இணையம் வருகிறது. மடிக்கணினியில் அந்தப் பக்கம் வருவதே இல்லை. 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை' என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் ஒரு நிமிடம் சுழன்றுவிட்டுக் கைவிடுகிறது. அணைத்துப் போட்டேன், வைஃபையை மறக்கச் செய்து மீண்டும் சேர்த்தேன், ரவுட்டருக்குப் பக்கத்து மேசைக்கே போய் இருந்தேன். பலனில்லை. கைத்தொலைபேசி டேட்டாவைப் பகிர்ந்து வேலை செய்கிறேன். உள்ளறையில் சிக்னல் ஒரே ஒரு கோடு.

இரண்டாவது, தினமும் லண்டன் நேரம் ஒரு மணிக்கு ஒரு கூட்டம். அதைக் கைத்தொலைபேசியில், கடை வைஃபையிலேயே எடுக்கிறேன். போன வாரம் முழுவதும் தெளிவாக இருந்தது. இந்த வாரம் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் குரல் உடைந்து உடைந்து, கடைசியில் அழைப்பே அறுந்துவிட்டது. அதே கடை, அதே கதிரை.

மூன்றாவது கேட்க வெட்கமாக இருக்கிறது. ஒரு கோப்பியுடன் எவ்வளவு நேரம் இருக்கலாம்? யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வெறும் கோப்பையை எடுக்க வரும் பையன் என்னையும் சேர்த்துப் பார்க்கிறான்.

மாங்குளம் சந்தி

வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழையதாக இருக்கும். நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

உருத்திரபுரத்தாள்

போட்டேன் அண்ணா. மாற்றமில்லை.

வவுனிக்குளத்தான்

டிரைவரை விடுங்கள். தொலைபேசியில் பக்கம் திறக்கிறதென்றால் கடையில் பிழை இல்லை, உங்கள் மடிக்கணினியில்தான் ஏதோ இருக்கிறது. இரண்டு கேள்வி, தங்கச்சி. கணினி திறந்தவுடன் விபிஎன் தானாகவே ஓடத் தொடங்குகிறதா? இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் எண்ணை எப்போதாவது யாராவது கையால் மாற்றினார்களா?

உருத்திரபுரத்தாள்

விபிஎன் தானாகவே தொடங்கும். டிஎன்எஸ்... ஆம். போன வருடம் வீட்டில் பக்கங்கள் திறக்காமல் இழுபட்டபோது கிளிநொச்சியில் ஒருவர் 8.8.8.8 என்று போட்டுத் தந்தார். அதை மறந்தே போய்விட்டேன்.

வவுனிக்குளத்தான்

அங்கேதான் முடிச்சு. இப்படிப்பட்ட கடைகளில் நீங்கள் பற்றுச்சீட்டு எண்ணைப் போடும்வரை ரவுட்டர் வெளியே எதையும் விடாது. அதுவரை பெயரைக் கேட்டால் பதில் சொல்வது கடையின் சொந்த டிஎன்எஸ் மட்டும்தான்; அந்தப் பதிலை வைத்துத்தான் உங்களை நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. உங்கள் கணினியோ வாசலில் நிற்பவரை விட்டுவிட்டு, நேரே கூகுளின் 8.8.8.8ஐக் கேட்கிறது. வெளியே வழி பூட்டியிருக்கிறது. கேள்வியும் போகாது, பதிலும் வராது. இதற்கு மேல் விபிஎன். தான் ஏறும்வரை மற்ற எல்லாப் போக்குவரத்தையும் மறிக்கும்படி பல அலுவலகங்கள் அதை அமைத்திருக்கும். அது ஏற இணையம் வேண்டும், இணையத்துக்கு நுழைவுப் பக்கம் வேண்டும், நுழைவுப் பக்கத்தை விபிஎன் விடாது. கோழியா முட்டையா கதைதான்.

வைஃபை அமைப்புக்குள் போய் டிஎன்எஸ்ஸைத் 'தானியங்கி' என்று மாற்றுங்கள். உங்களுக்கு உதவியவர் அதை அடாப்டரிலேயே, அதாவது கணினியின் வைஃபை கருவியிலேயே போட்டிருப்பார். அதனால் எந்த ஊர் வைஃபைக்குப் போனாலும் அது கூடவே வரும். அடாப்டரின் உள்ளமைப்பிலும் பார்த்து எடுத்துவிடுங்கள். பிறகு விபிஎன்னை நிறுத்திவிட்டு வைஃபையில் சேருங்கள். அப்போதும் பக்கம் வராவிட்டால், உலாவியில் ரவுட்டரின் முகவரியைப் போட்டுப் பாருங்கள். 192.168 என்று தொடங்குவதாக இருக்கலாம். இணைப்பு விவரத்தில் 'கேட்வே' என்று காட்டும். எண்ணைப் போட்டு உள்ளே போன பிறகே விபிஎன். அது ஏறும்வரை வாடிக்கையாளர் கணக்கு ஒன்றையும் திறக்க வேண்டாம். சுவருக்கு முதுகு காட்டி இருங்கள், உல்லாசப் பயணிகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள்.

நெடுங்கேணி வாத்தியார்

கணினி எனக்குத் தெரியாது பிள்ளை. மணிக்கூடு தெரியும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு லண்டனில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளுவார்கள். என் மகன் அழைக்கும் நேரமும் இந்த ஞாயிறுதான் மாறியது. போன வாரம் லண்டன் ஒரு மணி உங்களுக்கு மாலை ஐந்தரை. இந்த வாரம் அதே கூட்டம் ஆறரைக்கு. இந்த மாதத்தில் காலியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். கோட்டை மதிலில் நின்று அஸ்தமனம் பார்த்த சனமெல்லாம் ஆறரைக்கு எங்கே வந்து இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். 1911இல் அந்தக் காலி நகரத்தில்தான் மதகொன்றை மூடிக் கிடந்த கல்வெட்டைக் கண்டெடுத்தார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டு நாளிட்டுக் கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அறுநூறு வருடத்துக்கு முன் வந்த சீனனுக்குத் தமிழிலும் எழுதத் தோன்றியது. உங்கள் கோப்பிக் கடைப் பலகைக்குத் தோன்றவில்லை.

வவுனிக்குளத்தான்

வாத்தியார் பிடித்துவிட்டார். எனக்கு இது ஓடவே இல்லை. அஸ்தமனப் படங்களை எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றுவார்கள். கடை இணைப்பில் பெரும்பாலும் ஏற்றும் பக்கம்தான் ஒடுக்கம். உங்கள் குரல் போவதும் அதே பக்கத்தால்தான். காணொளியை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் விடுங்கள். குழுக் காணொளி நொடிக்கு ஆயிரம் கிலோபிட் வரை கேட்கும். குரலுக்கு 80 கிலோபிட் போதும். சொந்த டேட்டாவில் பேசினாலும் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 70 எம்பிதான்.

ஆனால் அந்த உள்ளறையில் டேட்டாவை நம்ப வேண்டாம். ஒல்லாந்தர் பவளக்கல்லும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டிய சுவர்கள் அவை. பீரங்கிக்குப் பயந்த காலத்துத் தடிப்பு. அந்த வீடுகளுக்கு நடுவிலோ பின்னாலோ ஒரு முற்றம் இருக்கும். வானம் தெரியும் இடத்தில் போய் இருந்தால் கோடு கூடும்.

தாண்டிக்குளம் கடைக்காரர்

மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். எங்களுக்கு நேரம் கணக்கில்லை, மேசைதான் கணக்கு. ஆளில்லாத மூன்று மணிக்கு நீங்கள் இருப்பது கடைக்கு நல்லதுதான். வெறும் கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். நாலு பேர் மேசையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஏழு மணிக்குக் குடும்பமொன்று வாசலில் நிற்கும்போதும் எழும்பாமல் இருந்தால்தான் வயிறு எரியும். சின்ன மேசையாகப் பாருங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எதையாவது வாங்குங்கள். அதைவிட, முதலாளியிடம் நேரே போய், 'இன்னும் இரண்டு வாரம் வருவேன், எந்த மேசை உங்களுக்குத் தொந்தரவில்லை?' என்று கேட்டுவிடுங்கள். கேட்டவரை நாங்கள் எழுப்பியதில்லை.

மாங்குளம் சந்தி

உங்கள் பாடு பரவாயில்லை. இங்கே மழை தொடங்கி, இன்று மட்டும் நாலு தரம் மின்சாரம் போய்விட்டது.

உருத்திரபுரத்தாள்

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். டிஎன்எஸ்ஸை மாற்றினேன், விபிஎன்னை நிறுத்தினேன், பக்கம் உடனே வந்தது. இரண்டு வாரம் டேட்டாவுக்குக் கொட்டிய காசை நினைத்தால் அழுகை வருகிறது.

ஆனால் அதற்குப் பிறகும் விபிஎன் ஏறவில்லை. அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதினேன். விருந்தினர் வைஃபைகள் சிலவற்றில் விபிஎன் வழக்கமாகப் போகும் யுடிபி என்ற தரவு அனுப்பும் வழியை மறித்திருப்பார்களாம். டிசிபி 443 என்ற வேறு வழிக்கு மாற்றித் தந்தார்கள். சாதாரண இணையப் பக்கங்கள் போகும் வாசல் அது என்பதால் யாரும் மறிப்பதில்லையாம். இரண்டாவது நிமிடத்தில் ஏறிவிட்டது.

நேற்று முதலாளி அம்மாவிடம் நேரே கேட்டேன். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அறவே இல்லை, ஆங்கிலத்தில் சமாளித்தோம். பின்முற்றத்தில் ஒரு சின்ன மேசையைக் காட்டி, ஏழரை வரை அங்கே இருக்கலாம் என்றார். டேட்டாவுக்கு அங்கே மூன்று கோடு. ஆறரைக் கூட்டம், குரல் மட்டும், ஒரு தடவைகூட உடையவில்லை. மிச்ச வேலையை இரவு அக்கா வீட்டில் முடிக்கிறேன். லண்டன் ஐந்து மணி இப்போது எங்களுக்குப் பத்தரை, அதற்குள் குழந்தை தூங்கிவிடும்.

வாத்தியார் ஐயா, கொழும்பில் இறங்கும்போது அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு வருவேன்.

ஒரே குறை, முற்றத்து மேசைக்கு மேல் பாதிக் கூரைதான். இன்று நாலு மணிக்கே மழை வந்துவிட்டது. மடிக்கணினியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

வவுனிக்குளத்தான்

காலபோக நெல்லுக்கு வாங்கிய உரப் பையின் உள்பை வீட்டில் சும்மா கிடக்கும். ஊரிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். மடிக்கணினி அளவுக்குச் சரியாக இருக்கும். கழுவிக் காயவைத்துத்தான், யூரியா மணம் கோப்பிக்கு ஒத்துவராது.