2^64 + 1ஐ 274177 வகுக்கிறது என்பதற்குச் சுருக்கமான நிரூபணம் உண்டா?

வணக்கம். 2^64 + 1, அதாவது 18446744073709551617, ஆறாம் ஃபெர்மா எண் (2^(2^n) + 1 என்ற வடிவில் n = 6). இது 274177ஆல் மீதியின்றி வகுபடும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் காட்ட வேண்டும். அடுத்த வாரம் வகுப்பு. மட்டு எண்கணிதம் (மீதிகளை வைத்துக் கணக்கிடும் முறை) பாடத்திலேயே இருப்பதால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

முதலில் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். 15 இலக்கங்களுக்கு மேல் தாங்காமல் 18446744073709600000 என்று காட்டுகிறது. சி++இல் 64 பிட் குறியற்ற எண்ணாக வைத்தால் விடை வெறும் 1. பைத்தான் மட்டும் சரியாக 274177 × 67280421310721 என்று தருகிறது. ஆனால் அது நிரூபணம் ஆகாதே.

அப்புறம் கையால் முயன்றேன். 274177 = 1071 × 2^8 + 1. அதாவது 1071 × 2^8ஐ 274177ஆல் வகுத்தால் மீதி -1; எட்டாம் அடுக்குக்கு உயர்த்தினால் 1071^8 × 2^64இன் மீதி 1. ஆகவே 1071^8ஐ 274177ஆல் வகுத்தால் மீதி -1 வந்தால் போதும், 2^64இன் மீதியும் -1 ஆகிவிடும். வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் மீதிகள் 50333, 15409 என வந்து, கடைசியில் 15409^2 + 1 = 274177 × 866. அழகாக முடிகிறது, ஆனால் நடுவில் வரும் எண்கள் எங்கிருந்தோ குதித்தவை போல இருக்கின்றன. ஐந்தாம் ஃபெர்மா எண்ணான 2^32 + 1க்கு 1732இல் ஆய்லர் கண்ட காரணி 641க்கு இந்தப் பாடு இல்லை. 641 = 5 × 2^7 + 1 = 5^4 + 2^4 என்று எழுதினாலே இரண்டு வரியில் வேலை முடிந்துவிடும். ஆறாம் எண்ணின் காரணிகளைக் கணித அறிஞர் லாண்ட்ரி 1880இல், கணினி இல்லாத காலத்தில் கண்டுபிடித்தார்.

641க்கு இருப்பதுபோல், பெரிய மீதிகள் இல்லாமல் 274177ஐ இரண்டு விதமாக எழுதி முடிக்கும் வழி யாருக்காவது தெரியுமா?