ஆன்லைன் பேஸ்பால் லீக்: ஓனர் கேட்டால் வீரரின் பெயரை மாற்றலாமா?

ஒன்பதாவது இன்னிங்ஸ்:
வணக்கம் நண்பர்களே. பேஸ்பால் அணிகளை நிர்வகிக்கும் அவுட் ஆஃப் தி பார்க் என்ற கணினி கேமில் ஓர் ஆன்லைன் லீக்குக்கு நான்தான் கமிஷனர், அதாவது லீக்கை நடத்தும் பொறுப்பு என்னுடையது. வீரர்கள் எல்லாரும் கற்பனை; பெயர், ஊர், வயது எல்லாமே கேம் உருவாக்கியவை. ஆளுக்கு ஓர் அணியை நடத்தும் ஓனர்கள் தங்கள் ஃபைலை அனுப்பியதும் நான் சிம் ஓட்டி (கேமே ஆட்டங்களை ஆடி முடிக்கும்), லீக் ஃபைலை ஏற்றுவேன்.

இந்த டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எடுத்த ஷார்ட்ஸ்டாப்புக்கு, அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையே நிற்கும் ஃபீல்டருக்கு, தன் மகனின் பெயரை வைக்கச் சொல்லி ஓர் ஓனர் கேட்கிறார். அதைப் பார்த்து இன்னொருவர், பல சீசன் ஆடி விருதுகளும் வாங்கிவிட்ட தன் ஏஸ் பிட்சருக்கு, அதாவது அணியின் முதன்மைப் பந்துவீச்சாளருக்கு, புதுப் பெயர் கேட்கிறார். மூன்றாமவரோ, இது ஆரம்பித்தால் லீக்கை விட்டே போய்விடுவேன் என்கிறார். மூவருமே ஒழுங்காக ஃபைல் அனுப்புகிற நல்ல ஓனர்கள். யாரையும் இழக்க மனமில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். பெயரை மாற்றினால் பழைய புள்ளிவிவரம் அழிந்துவிடுமா? லீக்கில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்காவது மாற்றலாமா?

பாக்ஸ் ஸ்கோர் ரசிகன்:
புள்ளிவிவரம் அழியாது. கேம் வீரரை அடையாளம் காண்பது ஐடி எண்ணை வைத்து, பெயரை வைத்து அல்ல. கமிஷனர் மோடில் எடிட்டரைத் திறந்து பெயரை மாற்றினால் ஹிட், ஹோம் ரன், சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் பாக்ஸ் ஸ்கோர் பக்கங்கள் (ஓர் ஆட்டத்தில் யார் என்ன செய்தார்கள் என்ற அட்டவணை) அந்தந்த ஆட்டம் முடிந்ததும் உருவாகிவிடுகின்றன. அவற்றில் பழைய பெயர்தான் நிற்கும். அந்த ஏஸ் பிட்சரின் பெயரை மாற்றினால், அவர் ஜெயித்த பழைய ஆட்டங்களைத் திறக்கிற புது ஓனருக்கு யாரோ ஒரு தெரியாத ஆள் பந்து வீசியது போலத் தெரியும்.

மாற்றுவதானால் உங்களிடம் இருக்கும் மூல ஃபைலில், பேக்கப் எடுத்துவிட்டு, சிம்முக்கு முன் மாற்றுங்கள்.

டெட்ராய்ட் வாசி:
நானும் லீக் நடத்துகிறேன். அந்தப் பிட்சருக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். ஓனரிடம் இருப்பது வீரரின் ஒப்பந்தம். பெயர் அவருடையது அல்ல. அந்தப் பிட்சரிடம் மூன்று முறை அவுட் ஆகி பிளேஆஃபில் தோற்ற இன்னொரு ஓனருக்கும் அந்தப் பெயர் நினைவில் இருக்கிறது. அதை ஒருவர் விருப்பத்துக்கு அழிப்பது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நிஜ பேஸ்பாலிலும் பெயர்கள் மாறியிருக்கின்றன. மைக் ஸ்டான்டன் 2012-இல் ஜியான்கார்லோ ஆனார். பி.ஜே. அப்டன் 2015-இல் மெல்வின் அப்டன் ஜூனியர் ஆனார். ஃபாஸ்டோ கார்மோனா என்று ஆடிக்கொண்டிருந்தவரின் உண்மைப் பெயர் ரொபர்டோ ஹெர்னாண்டஸ் என்பது 2012-இல் வெளியே வந்தது. இந்த மாற்றங்கள் எல்லாம் அந்த ஆட்களின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தவை. அணி முதலாளிக்குப் பிடித்த பெயர் என்று யாருக்கும் சூட்டவில்லை.

மைனர் லீக் அப்பா:
எனக்கு இதில் உடன்பாடில்லை. இது கற்பனை லீக். ஓனர்கள் ஆர்வம் இழந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வதுதான் ஆன்லைன் லீக்குகளின் பெரிய நோய். மகன் பெயரில் ஒரு ஷார்ட்ஸ்டாப் இருந்தால் அந்த மனிதர் ராத்திரி பதினொரு மணிக்கும் லீக் ஃபைலைத் திறந்து பார்ப்பார். பையனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு என்ன வரலாறு இருக்கிறது, கெடுவதற்கு?

டெட்ராய்ட் வாசி:
ஆடாதவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் வைக்கும் முன் அந்த அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். நாளைக்கு அந்த ஷார்ட்ஸ்டாப்பின் பேட்டிங் சராசரி .190 என்று மோசமாகலாம், அவரே வேறு அணிக்கு டிரேட் செய்ய வேண்டி வரலாம். வாங்கியவர் மே மாதம் வெளியே அனுப்பிவிட்டு, "இவன் எதற்கும் லாயக்கில்லை" என்று லீக் அரட்டையில் எழுதுவார். முழங்கைக் காயம், சீசன் முழுக்க ஆட முடியாது என்று கேமே செய்தி போடும். எல்லாவற்றிலும் மகனின் முழுப் பெயர் இருக்கும். அதனால் என் லீக்கில் முதல் பெயரை மட்டும்தான் மாற்ற விடுகிறேன். குடும்பப் பெயர் கேம் கொடுத்ததாகவே இருக்கும்.

பிராங்க்ஸ் ரசிகன்:
ஒரே பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அதைத் தொடாதீர்கள். பேஸ்பாலே அப்படித்தான் இருக்கிறது. மேக்ஸ் மன்சி என்று இரண்டு பேர். இருவரையும் டிராஃப்ட் செய்தது ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ், இருவருக்கும் பிறந்தநாள் ஆகஸ்ட் 25, ஒருவர் 1990, மற்றவர் 2002. 2020 நேஷனல் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் பிரேவ்ஸ் அணியின் வில் ஸ்மித் வீசிய பந்தை டாட்ஜர்ஸ் கேட்சர் வில் ஸ்மித் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். அதை யார்தான் மறப்பார்கள்? உங்கள் லீக்கிலும் அப்படி ஒரு நாள் வரட்டும். டிரேட் பேசும்போது குழம்பினால் அணி, பொசிஷன், ஐடி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள், போதும்.

புது ஓனர்:
இடையில் ஒரு கேள்வி. எங்கள் லீக்கில் நிஜ வீரர்கள். அனுமதி இல்லாமல் நிஜப் பெயர் போடக்கூடாது, எல்லாருக்கும் மாற்றுப் பெயர் வையுங்கள் என்கிறார் ஒருவர். சரியா?

டெட்ராய்ட் வாசி:
அவருக்கு வீடியோ கேம் நினைவில் இருக்கும். ஜயண்ட்ஸ் அணியின் நட்சத்திரம் பேரி பாண்ட்ஸ் வீரர்கள் சங்கத்தின் உரிம ஒப்பந்தத்திலிருந்து விலகியதால், எம்விபி பேஸ்பால் 2005 என்ற வீடியோ கேமில் ஜயண்ட்ஸ் அணியின் லெஃப்ட் ஃபீல்டில் ஜான் டவுட் என்று ஒரு கற்பனை ஆள் நின்றார். நிஜ வீரர்களின் புள்ளிவிவரத்தை வைத்து ரசிகர்கள் ஆடும் ஃபேண்டஸி லீக்குகளின் கதை வேறு. செயின்ட் லூயிஸ் பகுதியைச் சேர்ந்த, ஃபேண்டஸி லீக் நடத்தும் சிபிசி நிறுவனம் போட்ட வழக்கில், வீரர்களின் பெயரையும் புள்ளிவிவரத்தையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2007-இல் அமெரிக்காவின் எட்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. நண்பர்கள் கூடி ஆடும் லீக்கில் பெயரை மறைக்கத் தேவையே இல்லை. நிஜ மனிதரின் உழைப்பில் வந்த எண்களை வேறு பெயரில் எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ்:
எல்லாருக்கும் நன்றி. மேஜர் லீக்கில், அதாவது மேல்மட்டத்தில், முதல் ஆட்டம் ஆடும் வரை, முதல் பெயர் மட்டும், ஓர் ஓனருக்கு ஒரே ஒரு வீரர் என்று விதி எழுதி ஓட்டுக்கு விடப்போகிறேன். ஏஸ் பிட்சரின் ஓனருக்கு எடிட்டரில் உள்ள பட்டப்பெயர் கட்டத்தைக் காட்டினேன். அதில் வைத்துக்கொள்கிறேன் என்று சம்மதித்துவிட்டார். விலகுவேன் என்றவர், ஓட்டு முடிவுக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

பாக்ஸ் ஸ்கோர் ரசிகன்:
நல்லது. மாற்றுகிற அன்றைக்கே லீக் செய்தியில் பழைய பெயர், புதுப் பெயர், ஐடி மூன்றையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். அப்புறம் தேடுகிறவர்களுக்கு உதவும்.