'பிளாசிபிள்' என்பதை 'நம்பகமான' என்று எழுதலாமா?

கேள்வி:
வணக்கம். ஆங்கிலத் துப்பறியும் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். இரவில் அலுவலகத்துக்கு ஏன் வந்தாய் என்று ஆய்வாளர் கேட்க, மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்ததாகக் கணக்கர் சொல்கிறார். அந்த விளக்கத்தைக் கதை 'பிளாசிபிள்' என்கிறது. நான் 'நம்பகமான விளக்கம்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர் அதை அடித்துவிட்டார். என்ன பிழை?

மறுமொழி 1:
நண்பர் அடித்தது சரிதான். 'நம்பகமான' என்று எழுதினால் கணக்கருக்கு நீங்களே நற்சான்று கொடுத்தவர் ஆகிறீர்கள். அது 'கிரெடிபிள்' என்ற சொல்லுக்கு உரியது. 'பிளாசிபிள்' என்பதோ, காதில் விழும்போது நடந்திருக்கக்கூடியதாகப் படுகிறது என்பதோடு நின்றுவிடும். கண்ணாடி அன்று மாலையே அவர் வீட்டு மேசையில் இருந்தது என்று பிறகு தெரியவந்தாலும், அந்த விளக்கம் சொன்ன நேரத்தில் பிளாசிபிளாக இருந்தது என்பது மாறாது. கைதட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் இது. தொடக்கத்தில் 'பாராட்டத்தக்க' என்றே பொருள்பட்டது. 'நம்பும்படியான' என்று எழுதுங்கள்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். ஆளைக் குறித்து வரும்போது இச்சொல்லில் பெரும்பாலும் வசை கலந்திருக்கும்: நயமாகப் பேசி நம்பவைப்பவன் என்று பொருள். அரசியின் சிலம்பு காணாமற்போயிருந்த வேளையில், சிலம்போடு கள்வன் ஒருவன் அகப்பட்டிருக்கிறான் என்று பொற்கொல்லன் பாண்டியனிடம் சொன்னானே, அதைவிடப் பிளாசிபிளான பொய்யை நான் கண்டதில்லை.

மறுமொழி 3:
எல்லா இடத்திலும் சந்தேகத்தை ஏற்ற வேண்டாம். மருத்துவ ஆய்வில் இது நடுநிலையான சொல். ஒரு நோய்க்கு இதுதான் காரணம் என்று முடிவுகட்டுமுன் பார்க்க வேண்டியவை என 1965-இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் சொன்ன ஒன்பதில், அந்தக் காரணம் உயிரியலோடு பொருந்தி வருகிறதா என்பதும் ஒன்று. அது அன்றைய உயிரியல் அறிவைப் பொறுத்தது என்பதால் அதைக் கட்டாயமாகக் கேட்க முடியாது என்றும் அவரே சொல்லிவிட்டார். அங்கே 'பொருந்தி வருகிற' என்பதே போதும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. 'அவர் சொன்னது நம்பும்படியாகத்தான் இருந்தது' என்று மாற்றிவிட்டேன். ஆய்வாளரின் ஐயத்தை அந்தத் 'தான்' சுமந்துகொள்கிறது. நண்பரும் இம்முறை பேனாவை எடுக்கவில்லை.