எஸ்எம்எஸ் படிக்கிற ஆப் காட்டுற கணக்கு உதைக்குது: ஷீட்ஸ் போதுமா, சொந்தமா ஆப் எழுதணுமா?

வைகைக்கரை:

ரெண்டு பேர் சம்பளம் வர்ற வீடு. வங்கிக் கணக்கு ரெண்டு, கிரெடிட் கார்டு ஒண்ணு, ரெண்டு போன்லயும் யூபிஐ, கையில கொஞ்சம் ரொக்கம். இது போக 20 மாசம் ஓடுற ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டு ஒண்ணு. எஸ்எம்எஸ்ஸைப் படிச்சு தானா செலவு எழுதிக்கிற ஆப் போட்டுப் பார்த்தா, மாசக் கடைசியில அது சொல்ற செலவுக்கும் பாஸ்புக்குக்கும் 20,000 வரை உதைக்குது. எப்பவும் செலவு கூடத்தான் காட்டுது.

ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும். வேற ஆப் தேடறதா, கூகுள் ஷீட்ஸ்ல போட்டுக்கறதா, சின்னதா ஒண்ணு எழுதிக்கறதா? ஒரு போன் ஆண்ட்ராய்டு, இன்னொண்ணு ஐபோன். சீட்டை எந்தத் தலைப்புல எழுதணும்னும் சொல்லுங்க.

பேரேடு:

எப்பவும் கூடுதலாவே காட்டுதுன்னா, பணம் இடம் மாறினதையெல்லாம் அந்த ஆப் செலவுன்னு எண்ணுது. கார்டுல 12,000-க்கு மளிகையும் துணியும் வாங்கினா அன்னைக்கே 12,000 செலவு விழும். அடுத்த மாசம் வங்கியிலிருந்து கார்டு பில்லைக் கட்டினதும் மறுபடி ஒரு 12,000 விழும். உங்க கணக்கிலிருந்து வீட்டுல இன்னொருத்தர் கணக்குக்கு அனுப்பின 5,000-மும் செலவு. ஏடிஎம்ல எடுத்த 3,000-மும் செலவு, அந்த ரொக்கத்துல காய்கறி வாங்கினதைக் கையால எழுதினா அதுவும் செலவு. 20,000 உதைக்கிறதுக்கு இந்த மூணே போதும். ஆப்பை மாத்தறதால இது தீராது. புதுசா எதைப் பார்த்தாலும், செலவு, வரவு தவிர ‘இடமாற்றம்’னு மூணாவது வகை அதுல இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லாததைத் தொடவே வேண்டாம்.

இப்போதைக்கு ஷீட்ஸ்ல ஆரம்பிங்க. ‘பதிவு’ன்னு ஒரே தாள், ஆறு பத்தி: தேதி, எங்கிருந்து, எங்கே, தொகை, எழுதினவர், குறிப்பு. தொகை எப்பவும் கூட்டல் எண்தான், கழித்தல் குறியே வரக்கூடாது. கார்டுல மளிகை வாங்கினா எங்கிருந்து ‘கார்டு’, எங்கே ‘மளிகை’. பில் கட்டினா எங்கிருந்து ‘வங்கி 1’, எங்கே ‘கார்டு’. சம்பளம்னா எங்கிருந்து ‘சம்பளம்’, எங்கே ‘வங்கி 1’. ஆரம்ப இருப்பையும் ‘தொடக்க இருப்பு’ங்கற பெயரிலிருந்து ஒரு வரியா போட்டுடுங்க.

ரெண்டாவது தாள் ‘தலைப்புகள்’. அதுல ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்துல வகை: இருப்பு, கடன், வரவு, செலவு. எந்தப் பெயருக்கும் மிச்சம் வேணும்னா, ‘எங்கே’ பத்தியில அது வர்ற தொகைகளை சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரம் போட்டுக் கூட்டி, ‘எங்கிருந்து’ பத்தியில வர்றதைக் கழிச்சா வந்துடும். கார்டு மிச்சம் மைனஸ்ல வரும், அதுதான் நீங்க பாக்கி வச்சிருக்கற தொகை. மாசச் செலவுன்னா, ‘எங்கே’ பத்தியில செலவு வகைத் தலைப்பு இருக்கற வரிகள் மட்டும்தான்.

தேதியில கவனம் வேணும். ஃபைல் மெனுவுல செட்டிங்ஸுக்குப் போய் லொக்கேலை இந்தியான்னும், நேர மண்டலத்தைக் கொல்கத்தான்னும் மாத்திட்டு அப்புறம் முதல் வரி எழுதுங்க. அமெரிக்க அமைப்புல 05/06-ன்னு அடிச்சா ஜூன் 5 மே 6 ஆயிடும். 25/06-ஐ அதால தேதியா எடுக்க முடியாது, வெறும் எழுத்தா இடப்பக்கம் ஒட்டி நிக்கும். தேதி வச்சுக் கூட்டற சூத்திரம் அந்த வரிகளைச் சத்தமில்லாம விட்டுடும். பின்னாடி லொக்கேலை மாத்தினாலும் ஏற்கெனவே மே 6-ஆ உள்ள போனது மே 6-ஆத்தான் இருக்கும்.

ஏலச்சீட்டு:

சீட்டுக்கு மட்டும் சொல்றேன், இதைச் செலவுல எழுதறவங்கதான் அதிகம். எடுக்கற வரைக்கும் அது உங்க சேமிப்பு, எடுத்த பிறகு கடன். அதனால ‘சீட்டு’ங்கறதை இருப்பு வகைத் தலைப்பா வச்சுக்குங்க.

ஒரு மாச ஏலத்தைப் பாருங்க. சீட்டு ஒரு லட்சம், 20 பேர், மாசம் 5,000. ஒருத்தர் 20,000 தள்ளி, அதாவது அவ்வளவு விட்டுக்கொடுத்து எடுக்கறார்னா அவர் கைக்கு 80,000. தள்ளின 20,000-ல, நடத்தறவருக்குச் சீட்டுத் தொகையில 5 சதவீதம், அதாவது 5,000 போக மீதி 15,000-ஐ 20 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 750 கழிவு. நீங்க அந்த மாசம் கட்டறது 4,250. ஷீட்ல எங்கிருந்து ‘வங்கி 1’, எங்கே ‘சீட்டு’, தொகை 4,250. உண்மையில கைவிட்டுப் போன பணத்தை மட்டும் எழுதுங்க. 5,000-ன்னு எழுதி 750-ஐத் தனி வரவா காட்டினா வரவும் உப்பும், சேமிப்பும் உப்பும்.

நீங்க சீட்டு எடுக்கற மாசம் எங்கிருந்து ‘சீட்டு’, எங்கே ‘வங்கி 1’, தொகை 80,000. அதுவரை எட்டு மாசம் 4,250 வீதம் 34,000 கட்டியிருந்தா, சீட்டு மிச்சம் மைனஸ் 46,000-க்குப் போகும். அதுதான் அன்னைக்கு உங்க தலையில இருக்கற கடன். கழிவு அதே அளவுல போனா மீதி 12 மாசத்துல 51,000 கட்டி முடிப்பீங்க, மிச்சம் 5,000 நிக்கும். அந்த 5,000-ஐ ‘சீட்டு’லேருந்து ‘வட்டிச் செலவு’க்கு ஒரு வரி போட்டு மூடிடுங்க. கடைசி வரைக்கும் எடுக்காம இருந்து லாபம் வந்தா இதே வரி தலைகீழா, வரவுல போகும்.

கழிவு மாசத்துக்கு மாசம் மாறும். அதனால மாசாமாசம் இதே தொகைன்னு தானா வர்ற பதிவுல சீட்டைப் போடவே கூடாது. நடத்தறவரோட தரகு எத்தனை சதவீதம்னும் கேட்டு வச்சுக்குங்க. 1982 சீட்டு நிதிச் சட்டத்துல உச்சவரம்பு 5 சதவீதமா இருந்தது, 2019 திருத்தத்துல 7 ஆச்சு.

நிரல்வாசி:

எஸ்எம்எஸ் படிக்கிற வேலையைச் சொந்தமா எழுதலாம்னு நினைச்சா, அதைக் கடைசிக்குத் தள்ளுங்க. ஐபோன்ல எந்த ஆப்பும் உங்க எஸ்எம்எஸ் பெட்டியைப் படிக்க முடியாது. ஆண்ட்ராய்டுல முடியும், ஆனா ப்ளே ஸ்டோர்ல ஏத்தணும்னா அந்த அனுமதிக்கு 2019-லிருந்து தனி ஒப்புதல் தேவை. அக்கவுண்ட் அக்ரிகேட்டர் (உங்க சம்மதத்தோட வங்கித் தரவைப் பகிர்ற அமைப்பு) வழியா வங்கித் தரவை நேரா எடுக்கறதும் தனி ஆளுக்கு ஆகாது. ரிசர்வ் வங்கி, செபி மாதிரியான அமைப்புகளின் கண்காணிப்புல இருக்கற நிறுவனங்கள்தான் எடுக்கலாம்.

செய்தியிலிருந்து தொகையைப் பிரிக்கறதும் பார்க்கற அளவு லேசில்ல. ஓடிபி செய்தியிலயும் தொகை இருக்கும். பரிவர்த்தனை தோத்தாலும் செய்தி வரும். ஆட்டோபே இருந்தா பணம் எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே ‘எடுக்கப்படும்’னு ஒண்ணு, எடுத்த பிறகு இன்னொண்ணு. ஒரே வரியில செலவும் மிச்ச இருப்பும் சேர்ந்தே இருக்கும், தப்பான எண்ணைப் பிடிச்சா 40 ரூபாய் டீச் செலவு 40,000 ஆயிடும். 1,25,000.00-ல காற்புள்ளிகளை எடுக்காம பார்ஸ்ஃப்ளோட் (parseFloat) போட்டு எண்ணா மாத்தினா ஜாவாஸ்கிரிப்ட் ஒரு ரூபாய்னு படிக்கும். சின்னத் தொகைக்கு எஸ்எம்எஸ் அனுப்பறதையே நிறுத்தின வங்கியும் உண்டு. எழுதித்தான் ஆகணும்னா 12 இலக்க யூபிஐ எண்ணை ஒரு பத்தியில வச்சு, அதே எண் ரெண்டாவது தடவை வந்தா விட்டுடுங்க. அனுப்புநர் பெயர் ‘-பி’ன்னு முடிஞ்சா விளம்பரம், படிக்கவே வேண்டாம்.

இதைவிட நல்ல வழி, வங்கி அனுப்பற மின்னஞ்சலை, ஷீட்ஸோட சேர்ந்து வர்ற கூகுளோட நிரல் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வச்சுப் படிக்கறது. அதுல ஒரு குழி இருக்கு. படிச்சு முடிச்சதுக்கு அடையாளமா ஜிமெயில் லேபிள் போடறது எல்லாரும் செய்யறது. லேபிள் மொத்த உரையாடலுக்கும் விழும். ஒரே தலைப்புல வர்ற வங்கி அஞ்சல்களை ஜிமெயில் ஒண்ணாச் சேர்த்துடறதால, அடுத்து வர்ற செலவு ஏற்கெனவே படிச்சதா நினைச்சு விட்டுப்போகும். லேபிளை விட்டுட்டு ஒவ்வொரு அஞ்சலோட அடையாள எண்ணையும் ஒரு தாள்ல எழுதி வைங்க.

வைகைக்கரை:

இடமாற்றம்தான்னு இப்ப புரியுது. ரெண்டு சந்தேகம். போன்ல ஷீட்ஸ் திறந்து எழுதறது சிரமமா இருக்கு, ஒரு பக்கத்துல ஃபார்ம் மாதிரி எழுதி ரெண்டு போன்லயும் வச்சுக்கலாமா? அப்புறம் ஈபி பில் ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை வர்றதால ஒரு மாசம் செலவு குதிக்குது.

நிரல்வாசி:

வச்சுக்கலாம், ஒரே ஒரு எச்டிஎம்எல் பக்கம் போதும். தொகைப் பெட்டி மேல பெருசா, கீழ ‘எங்கிருந்து’, ‘எங்கே’ பொத்தான்களா, அதிகம் பயன்படற எட்டு தலைப்பு மட்டும் கண்ணுல படணும். ஒரு பதிவுக்கு மூணு தட்டுக்கு மேல போனா கடையில நின்னுக்கிட்டு யாரும் எழுத மாட்டாங்க.

தரவை உலாவியில மட்டும் வைக்காதீங்க. ஐபோனோட சஃபாரி உலாவியில 2020-லிருந்து, ஒரு தளத்தைத் தொடாம சஃபாரியை ஏழு நாள் பயன்படுத்தினா, அந்தத் தளம் சேமிச்சதை அது அழிச்சுடும். முகப்புத் திரையில சேர்த்து வச்சா தப்பிக்கும், ஆனாலும் உலாவி ஒரு காத்திருப்பு அறை மட்டும்தான். இணையம் இல்லாதப்ப அங்க நிறுத்தி, வந்ததும் ஷீட்டுக்கு அனுப்பிடணும். ஒவ்வொரு பதிவுக்கும் போன்லயே ஒரு தனி அடையாள எண் கொடுத்துடுங்க. சிக்னல் அறுந்து ரெண்டு தடவை போனாலும் ஷீட்ல அதே எண் இருந்தா ஸ்கிரிப்ட் விட்டுடும்.

அனுப்பினதை ஷீட் பக்கம் வாங்கிக்கறது ஆப்ஸ் ஸ்கிரிப்டோட ‘டூபோஸ்ட்’ (doPost) செயல்பாடு. மூணு இடத்துல மாட்டுவீங்க. ஜேசன்னு தலைப்பு வச்சு அனுப்பினா உலாவி முதல்ல ‘அனுப்பலாமா’ன்னு கேட்டு முன்னோட்டக் கோரிக்கை ஒண்ணு அனுப்பும், ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அதுக்குப் பதில் சொல்லாது, எல்லாம் தோல்வியில முடியும். உள்ளடக்க வகையை வெறும் எழுத்துன்னு வச்சு அனுப்பி, அந்தப் பக்கம் பிரிச்சுக்குங்க. ரெண்டாவது, நிரலைத் திருத்திச் சேமிச்சா மட்டும் போதாது, புதுப் பதிப்பா டிப்ளாய் பண்ணாத வரைக்கும் பழைய நிரல்தான் ஓடும். மூணாவது, முகவரி தெரிஞ்ச யாரும் எழுதலாம்னுதான் திறந்து வைக்கறோம், அதனால ஒரு ரகசியச் சொல்லை ஒவ்வொரு கோரிக்கையிலயும் அனுப்பிச் சரிபாருங்க. ரெண்டு பேர் ஒரே நொடியில அனுப்பினா ஒரு வரி மேல இன்னொண்ணு விழாம இருக்க லாக்சர்வீஸ் போட்டுக்குங்க.

தொகையைப் பைசாவுல முழு எண்ணா அனுப்புங்க, 45.50-ன்னா 4550. ஜாவாஸ்கிரிப்ட்ல 0.1-உம் 0.2-உம் கூட்டினா 0.30000000000000004 வரும். காட்டும்போது மட்டும் 100-ஆல வகுங்க.

பேரேடு:

ஈபி பில்லை ரெண்டா உடைச்சு எழுதாதீங்க, வங்கி வரியோட ஒத்துப்போகாது. கட்டின நாள்ல முழுத்தொகையும் ஒரே வரியா இருக்கட்டும். அறிக்கைத் தாள்ல மட்டும் ஈபி, பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் மூணுக்கும் கடைசி 12 மாசக் கூட்டலை 12-ஆல வகுத்துக் காட்டுங்க.

வாரம் ஒருநாள், ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்குங்க, ஒவ்வொரு கணக்கோட மிச்சத்தையும் வங்கி காட்டறதோட ஒப்பிடுங்க. மாசக் கடைசிக்கு விட்டா 150 வரியில தேடணும், வாரத்துல 35 வரிதான். யூபிஐ லைட்ல (சின்னத் தொகைக்கு முன்கூட்டியே பணம் ஏத்தி வைக்கற வசதி) செலவழிச்ச ஒவ்வொண்ணும் ஸ்டேட்மெண்ட்ல வராது, அதுல பணம் ஏத்தினது மட்டும்தான் வரும். அதனால ‘லைட்’டைத் தனி இருப்பா வைங்க.

உதைச்சா முதல்ல வித்தியாசத்தைப் பாருங்க. 9-ஆல மீதியில்லாம வகுபட்டா ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 450-க்குப் பதில் 540 எழுதினா வித்தியாசம் 90. வித்தியாசத்துல பாதித் தொகைக்கு ஒரு வரி இருந்தா, அதுல எங்கிருந்து, எங்கே ரெண்டும் தலைகீழா விழுந்திருக்கும். அப்பவும் கிடைக்கலைன்னா ‘கணக்கில் வராதது’ங்கற தலைப்புல அந்தத் தொகையை எழுதி மிச்சத்தைச் சரி பண்ணிட்டு, அடுத்த வாரம் தொடருங்க.