சாம்தான் அப்பாவா? மம்மா மியா பார்த்துவிட்டு வந்தவனின் கேள்வி

தவளைமழை:
நேற்று வேறோர் இழையில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: "மம்மா மியா நாடகத்தின் முடிவில் சாம்தான் சோஃபியின் அப்பா என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள்." படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. சுற்றுப்பயணக் குழு போன வாரம் எங்கள் ஊருக்கு (வட இங்கிலாந்து) வந்தது. சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக் காட்சிக்கு மனைவி, தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் மாமியார் சகிதம் போனேன். முன்பின் பார்க்காதவர்களுக்கு: இது ஆபா என்ற ஸ்வீடன் பாப் குழுவின் பாட்டுகளை வைத்துச் செய்த மேடை நாடகம். டோனா கிரேக்கத் தீவில் விடுதி நடத்துகிறாள். கல்யாணம் நிச்சயமான மகள் சோஃபி, அம்மாவின் பழைய டைரியைப் படித்து, அப்பாவாக இருக்கக்கூடிய சாம், பில், ஹாரி மூவருக்கும் பத்திரிகை அனுப்பிவிடுகிறாள். மூவரும் வந்து நிற்கிறார்கள். யார் அப்பா என்று கடைசி வரை சொல்லவில்லை. ஒரு வரிகூட இல்லை. மாமியாருக்கு ஆங்கிலம் அரைகுறை, அவருக்கே புரிந்தது.

கொத்துச்சாவி:
அந்தப் பெரியவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், தம்பி. டோனா கடைசியில் யாரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள்? சாமை. டைரியில் முதல் பெயர் யாருடையது? சாமுடையது. இதற்கு மேல் பிறப்புச் சான்றிதழா வேண்டும்?

தவளைமழை:
ஆமாம், வேண்டும். தாலி கட்டியவரெல்லாம் அப்பாவா? "எனக்கே தெரியாது" என்று டோனாவே சொல்கிறாள். மூன்றில் ஒரு பங்கு அப்பாவாக இருப்பதே போதும் என்று ஹாரி சந்தோஷப்படுகிறான். மூன்றில் ஒரு பங்கு! சாம்தான் என்று தெரிந்துவிட்டால் பங்கு பிரிப்பானேன்?

கடுங்காப்பி:
இருவரும் தப்பு. பில்தான். டோனாவுக்குப் பணம் விட்டுச்சென்ற கிழவி சோஃபியா, பில்லின் பாட்டி முறை. அந்தப் பணம் தங்கள் குடும்பத்துக்குத்தான் போனது என்று கேள்விப்பட்டவன் பில். குழந்தைக்கு வைத்த பெயரையும் பாருங்கள். போதாதா?

தவளைமழை:
அது பில் போடும் கணக்கு. கதை போட்ட கணக்கு இல்லை. சொல்லவே இல்லை அய்யா.

கொத்துச்சாவி:
பில்லை நடுவில் இழுக்க வேண்டாம். அந்த ஸ்வீடன்காரருக்குப் படகைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

தவளைமழை:
ஸ்வீடன்காரரா!!! மாட்டிக்கொண்டீர்கள். மேடையில் பில் ஆஸ்டின் ஆஸ்திரேலியாக்காரர். ஸ்வீடன்காரர் ஆக்கியது 2008இல் வந்த படத்தில். வீட்டில் சோபாவில் படுத்துக்கொண்டு படம் பார்த்துவிட்டு "நாடகத்தின் முடிவில்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரியாணி இழையிலும் இதே கதைதான், ஆம்பூருக்கே போகாமல் ஆம்பூருக்குத் தீர்ப்பு.

கொத்துச்சாவி:
1999இல் லண்டன் பிரின்ஸ் எட்வர்ட் அரங்கில் வந்த வருடமே பார்த்தவன் நான். நீங்கள் அப்போது அரை டிராயர் போட்டிருப்பீர்கள். 25 வருடத்தில் ஒருவனின் ஊர் மறந்து போகாதா? பிரியாணி விஷயத்தில் இன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

சிறுகீரை:
அப்பா யாராவது இருந்துவிட்டுப் போகட்டும். நான் போனபோது பின்வரிசையில் ஒரு பட்டாளம் முதல் பாட்டிலிருந்தே கூடப் பாடியது. காசு கொடுத்தது மேடையில் பாடுபவர்களுக்கா, இவர்களுக்கா?

கடுங்காப்பி:
ஆபா பாட்டுகளைக் கோத்துச் செய்த நாடகத்துக்குப் போய்விட்டு, பாடாதே என்றால் எப்படி? கடைசியில் எல்லோரையும் எழுப்பி ஆடவைக்கிறார்களே, அதற்கும் கைகட்டி உட்கார்ந்திருந்தீர்களா?

சிறுகீரை:
உட்கார்ந்திருந்தேன். எனக்கு முட்டி வலி. அதையும் சபையில் சொல்ல வேண்டுமா?

தவளைமழை:
கடைசியில் ஆடுவது வேறு, நடுவில் கத்துவது வேறு, இதில் சிறுகீரை பக்கம்தான் நான். பூட்ஸும் உடம்போடு ஒட்டும் வெள்ளை லைக்ரா உடையும் வரும், பலவீனமான மனமுள்ளவர்கள் ஜாக்கிரதை என்று ஆரம்பத்தில் ஓர் அறிவிப்பு வைத்தார்கள். மாமியாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், இடைவேளை வரை முந்தானையைக் கண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அப்புறம் மூடிக்குள் குட்டிக் கரண்டி ஒளிந்திருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததும் சரியாகிவிட்டார். கடைசி ஆட்டத்துக்கு எங்கள் வரிசையில் முதலில் எழுந்ததே அவர்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாம் என்று எந்தக் காட்சியில், யார் சொன்னார்கள்? கொத்துச்சாவி சார், வசனம் வேண்டாம். காட்சியை மட்டும் சொல்லுங்கள்.

கொத்துச்சாவி:
கல்யாணக் காட்சி.

தவளைமழை:
அந்தக் காட்சியில்தான் டோனா தெரியாது என்கிறாள்!

கடுங்காப்பி:
பில்.

கொத்துச்சாவி:
பொண்ணு வாயால் சொல்ல மாட்டாள். நாம் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மாமியாரையே கேளுங்கள், தஞ்சாவூர்க்காரர் பொய் சொல்ல மாட்டார்.

தவளைமழை:
கேட்டேன். ஹாரி என்கிறார். பையன் நல்ல மாதிரியாக இருக்கிறானாம். அவரை விடுங்கள், நாடகத்தில் சொல்லவே இல்லை.