வேதியியல் பாடத்தில் படித்த சகப்பிணைப்பை (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து சேரும் பிணைப்பு) வேலையில் நேரில் பார்த்ததுண்டா?

கோர்ஷாப், கோவை:
பம்புக்கு வார்ப்படம் போடும் பவுண்டரியில், கோர் ஷாப்பில் இருக்கிறேன். வார்ப்படத்துக்குள் வெற்றிடம் வர வைக்கும் மணல் அச்சுதான் கோர். கார்பன் டை ஆக்சைடு வாயு, சிலிக்கன் டை ஆக்சைடு கல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு சரி. அந்த இரண்டும் தினமும் சந்தித்துக்கொள்ளும் இடம் எங்கள் மேஜைதான்.

சிலிக்கா மணலில் சோடியம் சிலிகேட் கலந்து பெட்டியில் இடித்து, குழாய் வைத்து கார்பன் டை ஆக்சைடு கேஸ் விடுவோம். விரல் வைத்தால் பள்ளம் விழுந்த ஈர மணல், கொஞ்ச நேரத்தில் நகத்தால் கீறினாலும் உதிராத கட்டியாகிவிடும். கேஸ் பட்டதும் சிலிகேட்டிலிருந்து சிலிக்கா ஜெல் உண்டாகி, மணல் பருக்கைகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. வேகமாக கேஸ் இழுத்தால் ரெகுலேட்டரில் வெள்ளையாகப் பனி படியும்.

கார்பன் சின்ன அணு. இரண்டு ஆக்சிஜனோடும் இரட்டைப் பிணைப்புப் போட்டு, மூன்று அணுவில் கணக்கை முடித்துக்கொள்கிறது. அந்தப் பிணைப்பு ரொம்பக் கெட்டி. ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பிடிமானம் குறைவு. அதனால்தான் உறைந்த கட்டிகூட மைனஸ் 78 டிகிரியிலேயே நேராக வாயுவாகிவிடுகிறது. சிலிக்கன் பெரிய அணு, அதற்கு அப்படி இரட்டைப் பிணைப்பு நிலைக்காது. நான்கு ஆக்சிஜனை ஒற்றைப் பிணைப்பால் பிடிக்கிறது, ஒவ்வொரு ஆக்சிஜனும் இன்னொரு சிலிக்கனைப் பிடிக்கிறது, அப்படியே போய்க்கொண்டே இருக்கிறது. அதை உருக்க வேண்டுமென்றால் பிணைப்பையே அறுக்க வேண்டும், அதற்குச் சுமார் 1700 டிகிரி வேண்டும். நாங்கள் ஊற்றும் இரும்பு 1400-ஐ ஒட்டித்தான் இருக்கும். மணல் அச்சு தாங்குவது இதனால்தான்.

நம்ம காட்டில் கிடக்கிற வெங்கச்சங்கல்லும், அதாவது குவார்ட்ஸும், இதே சரக்குதான். நொய்யல் கரையில் கொடுமணலில் ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் குவார்ட்ஸைச் செதுக்கி மணி செய்திருக்கிறார்கள். எஃகுக் கத்தியே கீறாத கல் அது. அதில் நூல் கோக்கத் துளை போட்டவர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்புத்தான்.

சாயப்பட்டறை, திருப்பூர்:
அண்ணா, எங்களுக்குப் பிழைப்பே அந்தப் பிணைப்பில்தான். காட்டன் பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடுவோம். முதலில் உப்பு, அது சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிப்பக்கம் தள்ளும். அந்த நிலையில் ஒரு துண்டு வெட்டிச் சுடுதண்ணீரில் அலசினால் பெரும்பாலும் வெளுத்துவிடும். அப்புறம் சோடா ஆஷ். காரம் ஏறியதும் பருத்தியின் செல்லுலோஸில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியோடு சாயம் சகப்பிணைப்புப் போட்டுவிடும். அதற்குமேல் எவ்வளவு துவைத்தாலும் அந்தச் சாயம் சுலபத்தில் இறங்காது.

ஆனால் சாயத்தில் ஒரு பங்கு துணியை விட்டுவிட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்துவிடும். அது துணியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், பிணைப்பு கிடையாது. சோப்பிங்கில், அதாவது சூடான சோப்புத் தண்ணீரில் அலசும்போது, அதைக் கழுவி எடுத்தே ஆக வேண்டும். புதுத் துணி முதல் துவையலில் சாயம் விட்டால் பாதிப் பேர் சாயத்தைத் திட்டுகிறார்கள். பல நேரம் சோப்பிங்கில் நேரத்தை மிச்சம் பிடித்ததுதான் காரணம், அது சரியில்லாத வேலை.

துணியில் தங்காமல் வெளியே வருகிற உப்புதான் நொய்யலைக் கெடுத்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் உப்பைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுப்பதை இந்த ஊர் மும்முரமாக எடுத்துக்கொண்டது. முன்பே செய்திருக்க வேண்டும்.

செக்கு எண்ணெய், காங்கேயம்:
எங்களிடம் மார்கழியில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க, தேங்காயெண்ணெய் உறைஞ்சு போச்சு, எதையாவது கலந்துட்டீங்களா?" 24 டிகிரிக்குக் கீழே போனால் நல்ல எண்ணெய் உறையத்தான் செய்யும். வெயிலில் வைத்தால் இளகிவிடும். மணலுக்குச் சொன்ன மாதிரி பிணைப்பு எதுவும் அறுபடுவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாகப் பிடித்திருந்ததுதான் விடுபடுகிறது.

கடலை எண்ணெய் மட்டும் ஏன் உறைவதில்லை என்று பக்கத்திலேயே இன்னொருவர் கேட்பார். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலச் சங்கிலிகளில் பெரும்பாலும் ஒற்றைப் பிணைப்புதான். அதனால் நேராக நின்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும். கடலை எண்ணெயில் ஓலிக் அமிலம் அதிகம், இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி வளைந்துவிடுகிறது. வளைந்ததை நெருக்கி அடுக்க முடியாது, அதனால் நம்ம ஊர்க் குளிருக்கு அது உறைவதில்லை.