யூஎஸ்பி வயர் லேசா ஆடுனாலே மெஷின் மொத்தமா விழுந்துருது, டிரைவர் கோளாறா ராம் கோளாறா?

மண்டபம்_ஐஸ்
வணக்கம் மக்களே. மண்டபத்துல மாமாவோட ஐஸ் கம்பெனில கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது பூராம் நாந்தான் பாக்குறேன். பிரைன் டேங்க் (ஐஸ் உறைய வைக்கிற உப்புத்தண்ணி தொட்டி), கம்ப்ரஸர் எல்லாத்துலயும் டெம்பரேச்சர் சென்சார் மாட்டி ரீடிங்க பதியிற ஒரு லாக்கர் பொட்டி வழியா யூஎஸ்பில மினி பிசிக்கு வருது. ஓடுறது டெபியன் 12 லினக்ஸ், அதோட கர்னல் (ஓஎஸ்ஸோட மையப்பகுதி) 6.1. பொட்டி குடுத்த கம்பெனி டிரைவர் சோர்ஸும் குடுத்தாங்க, அது கர்னல் 3 காலத்துல எழுதுனது, பின்னாடி யாரோ 6.1ல கம்பைல் ஆகுற அளவுக்கு ஒட்டுப்போட்டிருக்காங்க. இப்ப அந்த கம்பெனிக்கு போன் போட்டா எடுக்குறதில்ல.

பிரச்சனை என்னண்டா திடீர்னு ஃப்ரீஸ் ஆயிருது, கீபோர்டு கூட வேலை செய்யாது, பவர் ஆஃப் பண்ணித்தான் எழுப்பணும். ஸ்கிரீன்ல தெரிஞ்சத போன்ல போட்டோ எடுத்து வச்சேன், ஒரு தடவ இஎக்ஸ்டி4ல (டிஸ்க் ஃபைல் சிஸ்டம்) விழுந்துருக்கு, இன்னொரு தடவ நெட்வொர்க் கோடுல, முக்காவாசி டைமர் கோடுல. எதுலயும் லாக்கர் டிரைவர் பேரே இல்ல. ராம்தான் போச்சுன்னு சர்வீஸ் பண்றவர் சொன்னார், மாத்தியாச்சு, மெம்டெஸ்ட்டும் ராத்திரி பூராம் ஓட்டியாச்சு, ஒரு எர்ரர் இல்ல, ஆனா ஃப்ரீஸ் மட்டும் அப்படியே இருக்கு. மீன்பிடி தடைக்காலம் ஜூன் 14 ஓட முடியுது, போட் கடலுக்கு எறங்கிட்டா ஐஸ் ராப்பகலா ஓடும், அதுக்குள்ள சரி பண்ணணும். யாராவது கை குடுங்க.

தொண்டிக்காரன்
டிமெஸ்ஜில (கர்னல் செய்திய காட்டுற கமாண்ட்) யூஎஸ்பி டிஸ்கனெக்ட், டிவைஸ் நம்பர் இத்தனைன்னு வரி இருக்கா பாருங்க சகோ. அந்த நம்பர் ஏறிக்கிட்டே போச்சுன்னா வயர் விட்டு விட்டு ஒட்டுதுன்னு அர்த்தம். நம்ம கரையில உப்புக்காத்து, போதாததுக்கு நீங்க இருக்கறது பிரைன் டேங்க் பக்கத்துல, போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க பச்சை பூத்திருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு தொடச்சு புது கேபிள் போடுங்க, வேலை முடிஞ்சது.

கீழக்கரை_காக்கா
தொடைங்க, வேணாங்கல. ஆனா அதோட வேலை முடியாது தொண்டி. வயர் விட்டு ஒட்டுனா ரீடிங் போகலாம், அதுக்கு மேல ஒண்ணும் ஆகக்கூடாது, பென்டிரைவ எத்தனையோ தடவ அப்படியே புடுங்குறோம் கர்னல் சாவுதா என்ன? துரு பூத்தது வெறும் சாக்கு, உள்ள ஒரு பக் இருக்கு.

தம்பி, ஒவ்வொரு தடவயும் வேற வேற இடத்துல விழுதுன்னா அந்த இடங்கள் மேல சந்தேகப்படாதீங்க. யாரோ ஃப்ரீ பண்ண (வேலை முடிஞ்சு திருப்பிக் குடுத்த) மெமரிய இன்னும் தொட்டுக்கிட்டு இருக்கான், அந்த மெமரி அதுக்குள்ள இஎக்ஸ்டி4 கைக்கு போயிருந்தா அடி அதுக்கு விழுது. உங்க போட்டோல டெயின்டட்னு போட்டு பக்கத்துல ஓ, ஈ எழுத்து இருக்கா? ஓன்னா கர்னல் மரத்துக்கு (அதோட சொந்த சோர்ஸுக்கு) வெளிய இருந்து வந்த மாட்யூல் (கர்னல்ல சொருகுற டிரைவர் துண்டு), ஈன்னா கையெழுத்து இல்லாதது. மாட்யூல்ஸ் லிங்க்டு இன் வரியிலயும் எந்த பேருக்கு பக்கத்துல அந்த எழுத்து நிக்குதுன்னு பாருங்க.

அடுத்து ரெண்டு வேலை. கிரப்ல (பூட் லோடர்) கர்னல் வரியில ஸ்லப்_டீபக் சேத்து எஃப், இசட், பி மூணு எழுத்தும் குடுங்க, அப்பறம் அப்டேட்-கிரப். அப்ப ஃப்ரீ பண்ண மெமரிய கர்னல் 6பி 6பின்னு நிரப்பி வச்சிரும், யாராவது அதத் தொட்டா கையும் களவுமா மாட்டுவான். ரெண்டாவது நெட்கன்சோல், கர்னல் செய்திய நெட்வொர்க் வழியா வேற மெஷினுக்கு அனுப்புறது. போட்டோல பாதி செய்திதான் வரும், மெஷின் செத்தா டிஸ்க்லயும் எழுதியிருக்காது. லேன் கேபிள்ல இன்னொரு லேப்டாப்ப கோர்த்து அதுல நெட்கேட் ப்ரோக்ராம யூடிபி போர்ட் 6666ல கேக்க விடுங்க. வைஃபைல இது ஓடாது. டிமெஸ்ஜி மைனஸ் என் 8 போட மறந்துறாதீங்க, இல்லாட்டி முக்கியமான வரியெல்லாம் வராது.

மண்டபம்_ஐஸ்
காக்கா, எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே. ஓ, ஈ ரெண்டும் லாக்கர் மாட்யூல் பக்கத்துலதான் நிக்குது. வயர நானே கையால ஆட்டி ஆட்டி விழ வச்சேன், லேப்டாப்புல முழு செய்தியும் வந்துருச்சு. ஜெனரல் ப்ரொடெக்ஷன் ஃபால்ட், நான்-கெனானிக்கல் அட்ரஸ்னு போட்டு 6பி6பி6பி6பி6பி6பி6பி6பி. பாத்த ஒடனே சிரிப்பு வந்துருச்சு. ஆனா கால் ட்ரேஸ்ல (எந்த ஃபங்ஷன் எதக் கூப்பிட்டுச்சுங்கற லிஸ்ட்) இப்பவும் டைமர் ஃபங்ஷன்தான் இருக்கு, டிரைவர் பேர் இல்ல.

சோர்ஸ்ல டிஸ்கனெக்ட் ஃபங்ஷனையும் பாத்தேன். முதல்ல மியூடெக்ஸ் (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் எடுக்கற பூட்டு) லாக், அப்பறம் கேன்சல்_டிலேய்ட்_வொர்க் (பின்னால ஓட வேண்டிய வேலைய ரத்து பண்றது), அன்லாக், கேஃப்ரீ (மெமரிய ஃப்ரீ பண்றது). கேன்சல் பண்ணிட்டுதானே ஃப்ரீ பண்றான், அப்பறம் என்ன தப்பு?

கீழக்கரை_காக்கா
அந்த கேன்சல்தான் ஆள ஏமாத்துது. அது இன்னும் கெளம்பாத வேலைய மட்டும் நிறுத்தும், ஓடிக்கிட்டு இருக்கற வேலைக்காக காத்திருக்காது. ஐஸ் ஏத்த வர்ற லாரிய வேணாம்னு போன்ல சொல்லிட்டு கேட்ட பூட்டுறீங்க, லாரி ஏற்கனவே உள்ள நின்னு லோடு ஏத்திக்கிட்டு இருக்கு. உங்க வொர்க் ஃபங்ஷன் கடைசி வரியில என்ன இருக்குன்னு பாருங்க, ஷெட்யூல்_டிலேய்ட்_வொர்க் போட்டு தன்னையே மறுபடி ஒரு செகண்டு கழிச்சு கூப்பிட சொல்லியிருப்பான். வயர் கழண்ட நேரத்துல அந்த வொர்க் பொட்டியோட பதிலுக்காக காத்துக்கிட்டு இருக்கும், இங்கிட்டு டிஸ்கனெக்ட் வந்து கேன்சல் பண்ணி ஃப்ரீ பண்ணிரும், அங்கிட்டு வொர்க் எந்திரிச்சு செத்த மெமரியில டைமர மாட்டி வச்சிரும். அந்த மெமரியில வேற எவனாவது எழுதிட்டான்னா டைமர் கோடு லிஸ்ட்ட படிக்கும்போது குப்பையப் பாத்து விழுது, அதனாலதான் ட்ரேஸ்ல டிரைவர் பேரு வரல.

கேன்சல்_டிலேய்ட்_வொர்க்_சிங்க் போடுங்க. அது ஓடுற வேலை முடியிற வரைக்கும் நிக்கும், வேலை தன்னையே திருப்பி போட்டுக்கிட்டாலும் விடாது.

மண்டபம்_ஐஸ்
சிங்க் போட்டேன் காக்கா, கர்னல் விழல, ஆனா இப்ப வேற கூத்து. வயர புடுங்கி கொஞ்ச நேரம் கழிச்சு, கேவொர்க்கர் (கர்னலோட பின்னணி வேலைய ஓட்டுறது) டாஸ்க் 120 செகண்டுக்கு மேல பிளாக்டுன்னு வருது, எல்எஸ்யூஎஸ்பி (யூஎஸ்பி லிஸ்ட் காட்டுற கமாண்ட்) அடிச்சா தொங்குது, புதுசா கீபோர்டு சொருகுனாலும் எடுக்க மாட்டேங்குது.

தொண்டிக்காரன்
மியூடெக்ஸ்! வொர்க் ஃபங்ஷனும் அதே மியூடெக்ஸ எடுக்குதா?

மண்டபம்_ஐஸ்
ஆமா எடுக்குது.

கீழக்கரை_காக்கா
தொண்டி புடிச்சுட்டாரு. டிஸ்கனெக்ட் மியூடெக்ஸ கையில வச்சுக்கிட்டு வொர்க் முடியட்டும்னு நிக்குது, வொர்க் அந்த மியூடெக்ஸ் கிடைக்கட்டும்னு நிக்குது. யூஎஸ்பி சொருகுறது கழட்டுறது எல்லாத்தையும் ஹப் ஈவென்ட்ங்கற ஒரே வழியிலதான் கர்னல் பாக்குது, டிஸ்கனெக்டும் அதுக்குள்ளதான் ஓடுது. அது சிக்குனா கீபோர்டுக்கும் வழி அடைச்சுக்கும்.

லாக்குக்குள்ள ‘போயிருச்சு’ன்னு ஒரு கொடி மட்டும் ட்ரூ ஆக்குங்க, லாக்க விடுங்க, அப்பறம் வெளிய வந்து சிங்க், கடைசியா ஃப்ரீ. வொர்க்குள்ள அந்த கொடியப் பாத்து ட்ரூன்னா மறுபடி ஷெட்யூல் பண்ணாம திரும்பிரட்டும். நேரம் கிடைச்சா ப்ரூவ்_லாக்கிங் ஆன் பண்ணி ஒரு டெஸ்ட் கர்னல் கட்டி வச்சுக்கங்க, இந்த மாதிரி சிக்க தொங்குறதுக்கு முன்னாடியே லாக்டெப் (கர்னல்ல பூட்டு எடுக்கற வரிசைய சோதிக்கறது) திட்டிரும். மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் போட்டா ஓடிக்கிட்டு இருக்கற மாட்யூல மட்டும் எடுத்துக்கும், கம்பைல் நேரம் ரொம்ப மிச்சம். அதுலயே டீபக் ஆப்ஜெக்ட்ஸ் டைமர், ஃப்ரீங்கற ரெண்டு ஆப்ஷனும் சேத்துட்டா உயிரோட இருக்கற டைமர ஃப்ரீ பண்ற அந்த நொடியிலயே டிஸ்கனெக்ட் பேரப் போட்டுக் காட்டிரும்.

இன்னொண்ணு, உங்க ரீடிங் ப்ரோக்ராம் டிவைஸ திறந்து வச்சிருக்கும்போதே வயர் போனா? அப்ப கேஃப்ரீயே தப்பு, கேரெஃப் (எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கங்கற கணக்கு) வச்சு எண்ணணும், கடைசி ஆள் மூடுனப்பறம்தான் ஃப்ரீ. கர்னல் சோர்ஸ்ல டிரைவர்ஸ், யூஎஸ்பி போல்டர்ல யூஎஸ்பி-ஸ்கெலிட்டன்னு ஒரு மாதிரி டிரைவர் இருக்கு, அதுலருந்து அப்படியே எடுத்துக்கலாம்.

தொண்டிக்காரன்
செகண்டுக்கு ஒரு டெம்பரேச்சர் படிக்கறதுக்கு கர்னலுக்குள்ள என்ன வேலைன்னுதான் எனக்கு புரியல. லிப்யூஎஸ்பி லைப்ரரி வச்சு வெளிய இருந்தே படிச்சா விழுந்தாலும் அந்த ப்ரோக்ராம் மட்டும் விழும், சிஸ்டம்டி (ப்ரோக்ராம்கள ஓட்டிப் பாத்துக்கறது) திருப்பி எழுப்பி விட்ரும். கர்னல் ஆளுங்ககிட்ட சொன்னாலும் வெளி மாட்யூல்னா கண்டுக்க மாட்டாங்க.

கீழக்கரை_காக்கா
அது சரிதான், சீசன் ஓஞ்சதும் அப்படி மாத்துங்க தம்பி. இப்ப ஓடுறத நிறுத்த வேணாம்.

மண்டபம்_ஐஸ்
கொடி, சிங்க், கேரெஃப் எல்லாம் போட்டாச்சு. போர்ட்டும் தொடச்சேன், தொண்டி அண்ணே சொன்ன மாதிரியே பச்சையாத்தான் இருந்துச்சு. இப்ப வயர என்ன ஆட்டு ஆட்டுனாலும் டிஸ்கனெக்ட் வரி வருது, திரும்பி ஒட்டுனா புது நம்பர் வருது, அவ்வளவுதான். ஒரே ஒரு தொல்லை, ப்ரோக்ராம் பழைய டிவைஸ் ஃபைலையே பிடிச்சுக்கிட்டு எர்ரர் அடிச்சுக்கிட்டு இருக்கு, பொட்டியோட ஃபைல் பேர்ல நம்பர் 0லருந்து 1க்கு மாறிருது.

கீழக்கரை_காக்கா
ரீட்ல ஈநோடெவ் (டிவைஸ் இல்லங்கற எர்ரர்) வந்தா க்ளோஸ் பண்ணிட்டு கொஞ்சம் விட்டு திரும்ப ஓப்பன் பண்ண சொல்லுங்க. பேர் மாறாம இருக்க யூடெவ்ல (டிவைஸ் ஃபைலுக்கு பேர் வைக்கிறது) ஒரு ரூல், பொட்டியோட வென்டார் ஐடி, ப்ராடக்ட் ஐடி வச்சு சிம்லிங்க் (மாறாத மாத்துப் பேர்) போட்டா 0 ஆனாலும் 1 ஆனாலும் ப்ரோக்ராமுக்கு ஒரே பேருதான். ஸ்லப்_டீபக்க கிரப்லருந்து எடுத்துருங்க, சும்மா மெமரி தின்னும். நெட்கன்சோல் மட்டும் இருக்கட்டும்.